பாலை மரத்தில் கட்டிய குரல்

இவர் சைக்கிளில் போகும்போதே நித்திரையாகி வாய்க்காலுக்குள் விழுந்த அன்றுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. தலையில் காயம் பெரிதில்லை. ஆனால் தூக்கி எடுக்கப் போனவர்கள் சொன்னார்கள், சேற்றில் கிடந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். ஊரே சிரித்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

இவர் என்றால் என் கணவர் சிற்றம்பலம். மட்டுவிலில் இருந்து நாங்கள் விசுவமடுக் குடியேற்றத்துக்கு வந்து அப்போது ஏழு வருடம். காணி இல்லாதவனுக்கு அரசாங்கம் வயலும் மேட்டுக்காணியும் தருகிறது என்றார்கள். தந்தது உண்மைதான். அந்த வயலில் விளைவதைத் தின்ன எங்களுக்கு முன்னாலேயே பன்றியும் யானையும் வரிசையில் நிற்கும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கதிர் தள்ளத் தொடங்கினால் அறுவடை வரைக்கும் வயல்காரன் இரவில் காவற்கொட்டிலில்தான் கிடக்கவேண்டும். வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள் ஆள் மாறிப் போவார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒருநாள் போகிறேன் என்றால், பொம்பிளை காட்டுக்குள் தனிய இருப்பதா என்று இவர் ஒற்றைக்காலில் நிற்பார். ஆகவே பகல் முழுக்க வேலை, இரவு முழுக்கக் காவல். வருடத்தில் மூன்று மாதம் இவர் நித்திரை கொள்வதே கிடையாது. மற்ற மாதங்களில் கொள்ள முயன்றாலும் வருவதில்லை, பழக்கம் விட்டுப்போய்விட்டது.

காவலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கொட்டில்கள் தூரத் தூர இருக்கும். என்ன சொல்கிறார்கள் என்று கேட்காது, குரல் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒருவர் "ஓ... ஓய்!" என்று நீட்டிக் கூப்பிடுவார். மற்றவர்கள் "ஓ... ஓம்!" என்று பதில் கொடுப்பார்கள். பன்றிக்கும் வெருட்டு, ஆளுக்கும் துணை. ஒரு கொட்டிலில் இருந்து பதில் வராவிட்டால் லாம்பும் கொண்டு பார்க்க வருவார்கள். ஒருவர் மூன்று தரம் அடுத்தடுத்துக் கூப்பிட்டால் ஆபத்து என்று அர்த்தம். அப்போது முதலில் பதில் குரல் கொடுத்தவர் எவரோ, அவர்தான் போகவேண்டும். மற்றவர்கள் கொட்டிலை விட்டு இறங்கமாட்டார்கள். எல்லோரும் ஓடினால் எல்லா வயலும் போய்விடும். குரல் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்த ஆள் எங்கள் குடியேற்றத்தில் அதுவரைக்கும் இல்லை.

எங்கள் வயலுக்கு அடுத்தது இளையதம்பி அண்ணையின் வயல். பெண்சாதி இல்லாத தனியாள், வாய் நிறையப் பகிடி. அவருக்கு அங்கால் வீரகத்தியர். போன வருடம் இவர் கொட்டிலில் அசந்துபோய்ப் பாதி வயலைப் பன்றிக்குக் கொடுத்த இரவில், பதில் வரவில்லை என்று லாம்போடு வந்து எழுப்பியது இளையதம்பி அண்ணைதான். விடிந்ததும் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்:

"நாகேசு, உன்ரை மனிசனைக் காவல் காக்க எங்களுக்கு ஒரு காவல் தேவைப்படுது."

"உங்களுக்கு என்ன அண்ணை, பகலிலை நித்திரை கொள்ளுறியள். இவர் எங்கை கொள்ளுறார்?" என்று நானும் விடவில்லை. எனக்குப் பதில் எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும். அதைப் பெருமை என்று நினைத்திருந்த காலம் அது.

வாய்க்காலில் விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த அப்போதிக்கரி நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு இவரோடு பேசவில்லை, என்னோடுதான் பேசினார். "நாளுக்கு நாலு மணித்தியாலமாவது தொடர்ந்து நித்திரை கொள்ளவேணும் அம்மா. இல்லாட்டி இந்த நெஞ்சு கனகாலம் தாங்காது. மருந்து கேக்காதையுங்கோ, இதுதான் மருந்து."

நாலு மணித்தியாலம். கேட்கச் சின்ன விஷயம் போலத்தான் இருந்தது.

வீட்டில் ஒரு ரேப் றெக்கோடர் கிடந்தது. கப்பலில் வேலை செய்யும் என் தம்பி கனகலிங்கம் ஏடனில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. சுருள் நாடா சுற்றும் சின்னப் பெட்டி, ரோச் பற்றறியில் ஓடும். முதல் ஒரு கிழமை அயலட்டை எல்லாம் வந்து பேசிப் பேசிக் கேட்டார்கள். பிறகு நான் அதன்மேல் துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டேன். வாய்க்காலில் விழுந்து நாலாம் நாள் இவர் அந்தத் துணியை எடுத்தார். கிணற்றடிக்குக் கொண்டுபோய் "ஓ... ஓய்!" என்று கத்திப் பதிந்தார். திருப்பிப் போட்டுக் கேட்டார்.

"நான் இல்லாட்டிலும் என்ரை குரல் அங்கை நிக்கும் தானே" என்றார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பன்றிக்கு மனிசன் வேண்டியதில்லை, மனிசன் சத்தம் போதும்.

ஆனால் அந்தப் பெட்டியின் சத்தம் எதற்கும் காணாது. முற்றத்தில் வைத்துப் பார்த்தோம்; கோழி கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைக் கத்த வைக்க ஒரு அம்பிளிபையரும், கோயில் திருவிழாவில் கட்டுவார்களே, அந்தக் குழாய் ஒலிபெருக்கியும் வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் செல்வநாயகத்தாரிடம் போனோம். அவர் கடையில் பளபளவென்று இரண்டு இருந்தன. இவர் ஆசையோடு தடவிப் பார்த்தார்.

"அண்ணை, வீட்டிலை கரண்ட் இருக்கோ?" என்று செல்வநாயகத்தார் கேட்டார்.

"எங்கடை ஊரிலையே இல்லை."

"அப்ப இது சரிவராது. கார் பற்றறியிலை ஓடுறது கொழும்பிலை எடுப்பிக்கலாம்" என்று ஒரு விலை சொன்னார். ஒரு போக நெல்லை முழுக்க விற்றாலும் அதைத் தொடமுடியாது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது இவர் ஒரு கண்ணும் மூடவில்லை. விலை அப்படி நித்திரையை முறித்துவிட்டது.

பூநகரியில் தவராசா என்று ஒருவரிடம் பழசு ஒன்று சும்மா கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இவரைத் தனிய விட்டேன். அது என் பிழை. பரந்தனில் இறங்கி மாறவேண்டியவர் நித்திரையில் இறங்காமல் வேறெங்கோ போய், இரவு ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் படுத்துவிட்டு அடுத்த நாள் வந்து சேர்ந்தார். இரண்டாம் தரம் நானும் போனேன். பூநகரிக்குப் போகும் பஸ் வரும், வராது. வந்தாலும் நிற்கும், நிற்காது. இறங்கி வெயிலில் இரண்டு மைல் மணலில் நடந்து தவராசாவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் மரியாதையாக இருத்தி, இளநீர் வெட்டித் தந்து, உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு கிராமபோன் பெட்டி. பெரிய பித்தளைப் பூவும் அதுவுமாக.

"இது அம்பிளிபையர் இல்லை, அண்ணை" என்றேன்.

"சத்தம் நல்லாப் பெரிசாக் கேக்கும் பிள்ளை."

திரும்பிப் பார்த்தேன். இவர் கதிரையில் சாய்ந்திருந்தபடியே தலையைத் தொங்கப் போட்டு நித்திரை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உடம்பில் அதற்குப் பலம் இல்லை. பஸ் வரும்வரைக்கும் எழுப்பாமல் இருந்தேன். தவராசாவின் பெண்சாதி வந்து ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் கிடைத்தது முல்லைத்தீவுக் கரையில். யாகப்பு என்ற கடற்தொழில்காரர். பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டுவதும் அவர் வேலை. புதிசு வாங்கிவிட்டதால் பழைய செட்டைக் கொடுக்கப் போகிறார் என்று மீன் கொண்டுவரும் லொறிக்காரன் சொன்னான். போய்ப் பார்த்தால், வலைக்குவியலுக்குப் பக்கத்தில் உப்புக் காற்றுத் தின்ற ஒரு இரும்புப் பெட்டி. மூடியில் பாதி இல்லை. பற்றறியில் கொழுவி சுவிச்சைத் திருப்பினார். உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்ல மெல்லச் சிவந்தன. பிறகு ஒரு உறுமல். இவருடைய றெக்கோடரைக் கொழுவியதும் "ஓ... ஓய்!" என்று ஒரு சத்தம், கடற்கரையில் நின்ற காகங்கள் எல்லாம் எழும்பின. இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கண்டு எத்தனையோ மாதம்.

யாகப்பு நேர்மையான மனிசன். "அண்ணை, சொல்லாமல் தரமாட்டன். இது பற்றறியைத் தண்ணி மாதிரிக் குடிக்கும். நாலு மணித்தியாலத்துக்கு மேலை நம்பாதையுங்கோ. சில நேரம் அதுக்கு முன்னமே படுத்திடும். அதுதான் நான் மாத்தினது."

"நாலு மணித்தியாலம் எங்களுக்குக் காணும்" என்றார் இவர். அப்போதிக்கரியின் கணக்கும் பெட்டியின் கணக்கும் சரியாக வந்ததைக் கடவுள் செயல் என்றே நினைத்தார்.

"என்னத்துக்கு அண்ணை இது? கடை போடப் போறியளோ?"

"பிள்ளையார் கோயிலுக்கு" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். இவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

காசு கையில் இல்லை. யாகப்புவின் பெண்சாதி மெலிந்துபோன ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். எங்களிடம் கறவைப் பசு ஒன்று நின்றது. பசுவுக்குச் செட் என்று முடிந்தது. பசு போன அன்று பின்னேரம் தொழுவத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. பசு திரும்ப வாங்கலாம், மனிசனை வாங்க ஏலாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலையை ஊருக்குத் தெரியாமல்தான் செய்தோம். ஆளில்லாத கொட்டில் என்று தெரிந்தால் பற்றறி ஒரு இரவு தங்காது. அதோடு வெட்கமும் இருந்தது. காவலுக்கு மெசின் வைத்தவன் என்று சந்தியில் வைத்துச் சிரிப்பார்கள். குழாயைப் பாலை மரத்தில் உயரத்தில் கட்டி இலை குழையால் மறைத்தார். பெட்டிகளைக் கொட்டிலுக்குள் சாக்கால் மூடினார். நாடா ஓடி முடிந்துவிடுமே என்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நீள நாடாவின் இரண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கி, கொட்டிலின் நாலு மூலையிலும் சோடாப் போத்தல்களை நட்டு அவற்றைச் சுற்றி ஓடவிட்டார். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை "ஓ... ஓய்!" கேட்கும், பிறகு தகரம் தட்டும் சத்தம். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிசன். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"கூப்பிடுறது சரி. மற்றவை கூப்பிட்டாப் பதில் ஆர் சொல்லுறது? பதில் இல்லையெண்டு லாம்போடை வந்து பாத்தினமெண்டால்?" என்று கேட்டது நான்தான்.

இவர் யோசித்தார். "அதை என்ன செய்யிறது?"

"அதையும் பதியுங்கோ. கூப்பிட்டு ஒரு நிமிசம் விட்டு 'ஓ... ஓம்' எண்டு ஒண்டு. கொஞ்சம் முந்திப் பிந்தினால் ஆர் மணிக்கூடு பாக்கினம்?"

"பதில் எண்டது வேறை விசயம், நாகேசு" என்றார்.

"என்ன வேறை? நீங்கள் அங்கை கிடந்து நித்திரை கொண்ட நாளிலும் பார்க்க இது நல்லாத்தான் பதில் சொல்லும்" என்றேன். அந்தப் பதிலை என் முன்னால்தான் பதிந்தார்.

ஒழுங்கு இதுதான். பத்து மணிக்கு மெசினைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். இரண்டு மணிக்கு அலாரம் மணிக்கூடு அடிக்க, எழும்பிக் கொட்டிலுக்குப் போய் விடியும்வரை தானே இருப்பார். பகலில் பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு வருவார். முதல் இரவு இவர் படுத்ததும் நித்திரையானார். நான் விழித்திருந்து கேட்டேன். எங்கள் வீட்டுக்கும் வயலுக்கும் அரை மைலுக்கு மேல். தூரத்தில் இவர் குரல் கூப்பிடுகிறது, பக்கத்தில் இவர் மூச்சு விடுகிறார். அப்படி ஒரு நிம்மதி எனக்கு விசுவமடுவுக்கு வந்த பிறகு இருந்ததில்லை.

ஐந்து நாளில் முகம் மாறியது. ஆறாம் நாள் குளிக்கும்போது பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். பன்றியும் வரவில்லை. இளையதம்பி அண்ணை வழியில் கண்டு, "சிற்றம்பலம், இப்ப உன்ரை குரல் என்ன கணீரெண்டு இருக்கு? நாகேசு முட்டைக்கோப்பி குடுக்கிறாளோ?" என்று கேட்டாராம். இவர் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

எட்டாம் இரவு. இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. முழித்தது நான்தான். வெளியே இவருடைய குரல் கேட்கவில்லை. பற்றறி முடிந்துவிட்டது என்று தெரிந்தது. இவரை எழுப்பக் கை வைத்தேன். தோளில் சூடு, முகத்தில் ஒரு சின்னப்பிள்ளைத்தனம். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். இரண்டொரு கதிரைப் பன்றி தின்னட்டும் என்று நினைத்தேன். அலாரத்தை அமத்திவிட்டு நானும் படுத்துவிட்டேன். இன்றைக்கும் அந்தத் தோளில் கை வைத்தது அப்படியே என் கையில் இருக்கிறது.

விடிய எங்களை எழுப்பியது வீரகத்தியருடைய சத்தம்தான். படலையில் நின்று கத்தினார். "சிற்றம்பலம்! இளையதம்பியைப் புடையன் பாம்பு கடிச்சுக் கிடக்குது! நீ ஏனடாப்பா போகேல்லை?"

ஓடினோம். இளையதம்பி அண்ணை தன் கொட்டிலடியில் கிடந்தார். வலது கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கறுத்திருந்தது. பல் முரசில் இரத்தம். பன்றி கலைக்க இறங்கிய இடத்தில் மிதித்துவிட்டாராம், ஒன்றரை மணி போலே. மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் கொட்டிலில் இருந்து உடனே "ஓ... ஓம்!" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு இவர் குரல் நின்றுபோய்விட்டது.

வீரகத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "நானும் கேட்டனான். நீ குரல் குடுத்தாய், பிறகு சத்தமில்லை. சரி, சிற்றம்பலம் வெளிக்கிட்டிட்டான், தூக்கிக்கொண்டு போயிருப்பான் எண்டுதானே நான் இருந்தனான்!"

பெட்டி சரியாக அந்த நேரம் படுத்திருக்கிறது. குரல் கொடுத்த மனிசன் புறப்பட்டு வருகிறான் என்று எல்லோரும் நம்புவதற்கு அந்த அமைதியே போதுமாக இருந்தது. பதில் வராமல் இருந்திருந்தால் வீரகத்தியர் வந்திருப்பார். பதில் வராமல் இருந்திருந்தால் இளையதம்பி அண்ணை அவர் பக்கமாகத் தவழ்ந்தாவது போயிருப்பார். வருகிறான் என்று நம்பி அந்த இடத்திலேயே கிடந்திருக்கிறார். நாலு மணித்தியாலம்.

உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினோம். இவர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் காலடியில் இருந்தேன். ஊரில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். இளையதம்பி அண்ணை கண்ணைத் திறந்து இவர் முகத்தையே கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"குரல் தந்திட்டு நீ வரேல்லை. உனக்கு என்னவோ எண்டு பயந்துபோனன். வழியிலை ஆனை மறிச்சதோ?"

இவருடைய வாய் திறந்தது. என்ன சொல்லப் போனார் என்று எனக்குத் தெரியும்.

"ஓம் அண்ணை" என்றேன் நான். "ஆனை மறிச்சிட்டுது. மரத்திலை ஏறி விடியும்வரைக்கும் இருந்திட்டு, இப்பதான் இறங்கி வீட்டை ஓடி வந்தவர்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மூச்சு விட்டார்கள். வீரகத்தியர் இவர் முதுகைத் தடவினார். இளையதம்பி அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

கிளிநொச்சியில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. இரண்டரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாங்கள் வீடு திரும்பிய அன்று இவர் குழாயையும் பெட்டியையும் இறக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். "நீ ஏன் அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டார்.

"அந்த மனிசன் நிம்மதியாப் போகட்டும் எண்டுதான்" என்றேன்.

அதுவும் பொய். ஊர் முன்னால் எங்கள் முகத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அது இவருக்கும் தெரியும். ஆனால் நான் சொன்ன பிறகு உண்மையைச் சொன்னால் என்னைப் பொய்காரி ஆக்கவேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

அன்று பொழுதுபட லாம்பை எடுத்தவர் எங்கள் கொட்டிலுக்குப் போகவில்லை. இளையதம்பி அண்ணையின் கொட்டிலுக்குப் போனார். அறுவடை முடியும்வரைக்கும் அங்கேதான். எங்கள் வயலில் பன்றி இறங்கும் சத்தம் கேட்டும் அந்த வயலை விட்டு நகரவில்லை. அந்த வருடம் இளையதம்பி அண்ணைக்குக் குறைவில்லாமல் விளைந்தது. எங்களுக்கு விதைநெல்லும் மிஞ்சவில்லை. நித்திரையும் பழையபடி போய்விட்டது. நான் இனி என்ன சொல்லி இவரைப் படுக்கச் சொல்வது?

இளையதம்பி அண்ணை ஊன்றுகோலோடு வந்தார். வந்த நாளில் இருந்து சந்தியில் யானைக் கதைதான். ஒற்றைக் கொம்பன் என்று யாரோ சேர்த்தார்கள். இன்னொருவன் மரத்தை முறிக்கப் பார்த்ததாம் என்று சேர்த்தான். இளையதம்பி அண்ணை மறுக்கவுமில்லை, தானாக ஒன்று சொல்லவுமில்லை. தன் வயலைக் காத்துத் தந்ததற்கு என்று எங்களுக்கு மூன்று மூட்டை நெல் அனுப்பினார்.

மூட்டைகள் விறாந்தையில் இரண்டு நாள் கிடந்தன. மூன்றாம் நாள் காலை இவர் மாட்டுவண்டி ஒன்று இரவல் வாங்கி அவற்றை ஏற்றினார்.

"எங்கை?" என்று கேட்டேன்.

"குடுத்திட்டுச் சொல்லிப்போட்டு வாறன்."

நான் மறிக்கவில்லை. படலையில் நின்றேன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வண்டி திரும்பி வந்தது. மூட்டைகளும் அப்படியே வந்தன.

"சொன்னியளோ?"

"சொன்னன்." வண்டியில் இருந்து இறங்காமலே இருந்தார். "தனக்கு அண்டைக்கே தெரியும் எண்டான். விடிய என்ரை முகத்தைப் பாத்தவுடனை தெரியுமாம். ஏழு வரியத்திலை இப்பிடி நித்திரை கொண்ட முகத்தோடை தான் என்னைக் கண்டதே இல்லையாம். மெசின் எண்டு தெரியாது, ஆனால் ஆள் வீட்டிலை கிடந்து எழும்பி வந்ததெண்டு தெரியுமாம்."

"பிறகு ஏன் ஆனை எண்டு கேட்டவர்?"

"ஊர் நிண்டது தானே. அடிச்சுப் போடுவாங்கள் எண்டு கேட்டனான் எண்டான்." இவர் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நெல்லைக் கொண்டு போ, நீ காத்த கூலி எண்டான். அதோடை இன்னொண்டும் சொன்னவன்."

"என்ன?"

"'இனி நான் கூப்பிட்டால் நீ பதில் குரல் குடுக்கக்கூடாது. வீரகத்தி தூரம் எண்டாலும் பறவாயில்லை, அவன் வரட்டும்' எண்டான்."

அந்த நெல்லில் ஒரு மூட்டையை விதைத்தோம். மற்ற இரண்டையும் அவித்துச் சாப்பிட்டோம். வேறு வழி இல்லை.

அடுத்த காலபோகம் கதிர் தள்ளியதும் இவரோடு நானும் கொட்டிலுக்குப் போகத் தொடங்கினேன். பொம்பிளை காட்டுக்குள் இருப்பதா என்று இவர் இப்போது கேட்பதில்லை. முதல் நாள் பொழுதுபட்டதும் அடுத்த வயலில் இருந்து இளையதம்பி அண்ணையின் குரல் வந்தது. "ஓ... ஓய்!" பக்கத்தில்தான், தெளிவாகக் கேட்டது. இவர் வாயைத் திறக்கப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். எனக்கும் பதில் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். கொஞ்சம் பொறுத்து, அங்கால், தூரத்தில் இருந்து வீரகத்தியர் குரல் கொடுத்தார்.